உப்பரிகைக்கு ஏற ஒரு வழி

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்காத மாணவன் நம் மாவட்டத்தில் உண்டா? பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடவை, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் இன்னொரு தடவை என்று எல்லோரும் போயிருக்கிறோம். முகம் தெரிகிற கறுப்புத் தரையும், அறுபத்து நாலு மூலிகை மரத்தில் செய்ததாகச் சொல்லும் கட்டிலும் எல்லோருக்கும் ஓர்மை இருக்கும். ஆனால் அந்த அரண்மனையின் பெரிய கலைச் செல்வத்தைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் சொல்வது உப்பரிகை மாளிகையின் உச்சி மாடியை. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழும்பிய நாலு நிலைக் கட்டிடம் அது. கீழே கருவூலம், அதற்கு மேலே படுக்கையறை, அதற்கும் மேலே ராஜா ஓய்வெடுக்கும் இடம். எல்லாவற்றுக்கும் உச்சியில் பூஜை அறை. அதன் சுவர்கள் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய தெய்வ ஓவியங்கள். நாம் கழுத்தை ஒடித்துக் கீழே நின்று பார்க்கலாம். மேலே ஏற முடியாது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

இந்த மண்ணில் மூடிய கதவு என்றால் சாதாரண விஷயம் இல்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926ல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களின் முன்னோர் அரசாங்கக் கோயில்களின் நடை தாண்டினார்கள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் கதவு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி!

ஆனால் உப்பரிகைக் கதவு அந்த மாதிரிக் கதவு அல்ல. அங்கே ஆள் பார்த்து நிறுத்துவதில்லை, எல்லோரையும்தான் நிறுத்துகிறார்கள். அது சரி என்றே நான் சொல்வேன். பிரான்ஸில் லாஸ்கோ என்ற குகை இருக்கிறது. ஆதிமனிதன் வரைந்த ஓவியங்கள் 1940ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. 1948ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்கள் விட்ட மூச்சே ஓவியத்துக்கு எமனாகிப் பாசி படர்ந்தது. 1963ல் மூடிவிட்டார்கள். மூடியதோடு நிற்காமல், 1983ல் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு குகை செய்து ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கதவை அடைப்பவனுக்கு, அதற்குப் பதிலாக ஒன்றைத் தரும் கடமையும் உண்டு.

அந்தக் காலத்தில் சிமெண்டும் சாயமும் வைத்துச் செய்ததை இன்று கம்ப்யூட்டரில் செய்யலாம். மெய்நிகர் காட்சி, அதாவது வி.ஆர்., என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் ஆட்களுக்கு அது துப்பாக்கி விளையாட்டுக்கு மாட்டுகிற கண்ணாடி. வெளிநாட்டில் அருங்காட்சியகங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டன. 2017ல் தொடங்கிய கிரெமர் மியூசியத்துக்குக் கட்டிடமே கிடையாது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்கள் எழுபதுக்கு மேல், கண்ணாடி மாட்டினால் மட்டும் தெரியும் மண்டபத்தில் தொங்குகின்றன. ஒவ்வொரு ஓவியத்தையும் 2,500க்குக் குறையாமல் போட்டோ எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். 2019ல் பாரிஸ் லூவ்ர் மியூசியம் மோனாலிசாவுக்கே இப்படி ஒரு காட்சி வைத்தது.

“ஏ மக்கா, இதுக்கு என்னத்துக்குக் கண்ணாடியும் மண்ணாங்கட்டியும்? போன்ல போட்டோ பாத்தா போராதா?” என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். சட்டம் போட்டு மாட்டிய ஓவியத்துக்கு நல்ல போட்டோ போதும். உப்பரிகையில் இருப்பது அப்படியல்ல, அது ஓர் அறை. நடுவில் நின்று திரும்பினால் முன்னும் பின்னும் இடமும் வலமும் ஓவியம். நம் உயரத்துக்கு அந்த உருவம் எவ்வளவு பெரிசு, எந்தச் சுவருக்கு எதிரே எது என்பதெல்லாம் உள்ளங்கையளவு போனில் எப்படி வெளங்கும்? சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய 9ஆம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர்களும் இதே போலத்தான். முட்டு வலிக்காரர்களுக்கு அந்த ஏற்றம் பூட்டிய கதவுதான். போக முடியாத இடத்துக்குத்தான் வி.ஆர். வேண்டும். நடந்து போய்ப் பார்க்கக்கூடிய நவராத்திரி மண்டபத்துக்குப் பணம் செலவழிப்பது வீண்.

செய்வது எப்படி? சுவரை ஒன்றன் மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி வரிசையாகப் போட்டோ எடுக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது. விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் போட்டால் பளபளப்பு அடங்கி நிஜ நிறம் வரும். நிற அட்டை ஒன்றையும் கூடவே வைத்து எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் காவி ஆரஞ்சாகிவிடும். சிவில்காரர்கள் டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளவுப் புள்ளி கொடுத்தால் அறை கோணாமல் நிற்கும். மரமாடி, பாரம் ஏற்றக்கூடாது. ஆகவே லேசான விளக்கு எலக்ட்ரானிக்ஸ்காரர் பொறுப்பு, ஸ்டாண்டு மெக்கானிக்கல்காரர் பொறுப்பு. படங்களை முப்பரிமாணமாகக் கோர்க்க மெஷ்ரூம், சீர்செய்ய பிளெண்டர், இரண்டும் இலவசம். கடினமான வேலை அதற்குப் பிறகுதான். கோர்த்து வரும் மாடலில் கோடிக்கணக்கான முக்கோணங்கள் இருக்கும், கண்ணாடி அதைத் தாங்காது. நொடிக்கு 72 படமாவது ஓடாவிட்டால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். சுவரின் வடிவத்தை எளிமையாக்கி, ஓவியத்தை மட்டும் துண்டு துண்டாக வைத்து, பக்கத்தில் போகப் போக நுணுக்கமான படம் வரும்படி பைய வேலை செய்ய வேண்டும். டிப்ளமோ புராஜெக்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். சாமி கண் சிமிட்டுவது, குதிரை ஓடுவது, பின்னணியில் சினிமா பாட்டு, இதெல்லாம் வேண்டாம். மங்கிய இடம் மங்கலாகவே இருக்கட்டும். ஆதியில் இந்த நிறம் இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதினால், அதைத் தனி அடுக்காக வைத்து, வேண்டும்போது அணைத்துப் பார்க்கும்படி செய்யலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டார். ஒரு காலத்தின் மேல் இன்னொரு காலம் பூசினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. கம்ப்யூட்டரிலும் நாம் அதையே செய்யலாமா?

இன்னொரு சங்கதி. 1956 நவம்பர் 1ல் நாம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம். அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. அரண்மனையை இரண்டாகப் பிரிக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் கோப்பை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்! ஒரு பிரதி திருவனந்தபுரத்தில், ஒன்று சென்னையில், ஒன்று நாகர்கோவிலில். விளக்கக் குரல் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். ஒரு கம்பெனி எடுத்துக் காசுக்கு விற்கிற சமாசாரமாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

கண்ணாடி விலை அதிகமே என்று சிலர் கேட்பார்கள். 2014ல் கூகுள் நிறுவனம் காட்டித் தந்த அட்டைப் பெட்டியும் இரண்டு லென்ஸும் போதும், போனைச் சொருகிப் பார்க்கலாம். தரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நம் மாணவர் பேரவை முதலில் கேட்க வேண்டியது பணம் அல்ல, அனுமதி. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. படம் பிடிக்க அந்த நாளைக் கேட்கலாம். வேலை முடிந்த பிறகும் நமக்குத் திங்கட்கிழமைதான் உகந்தது. அன்று அரண்மனை பூட்டியிருக்கும், அரசுப் பள்ளிக்கூடங்கள் திறந்திருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் போக வேண்டிய இடம், கோட்டைச் சுவருக்கு வெளியே நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளிகள்.