பருமன் வைத்தியம் யாருக்கு?

தோல் பதனிடும் தொழிலால் பேர்பெற்ற பம்மலில், 2024 ஏப்ரலில், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் உடல் பருமனைக் குறைக்கும் ஆபரேஷனுக்குப் படுத்த புதுச்சேரி வாலிபர் உயிரிழந்தார். வயது 26. பெற்றோர் புகார் செய்தனர், விசாரணை நடந்தது, ஆஸ்பத்திரியின் அனுமதியைச் சுகாதார இலாகா தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இத்துடன் சர்க்காரின் கடமை தீர்ந்ததா?

பருமன் பணக்கார வியாதி, நமக்கென்ன என்று கேட்கும் தோழர்கள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. இத்தனை பேரும் பங்களாவாசிகளா? இதற்கு வித்து சிலருக்குப் பள்ளி வயதிலேயே விழுகிறது. தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போன வீட்டில் ஐந்து ரூபாய் பாக்கெட் தீனிதான் பிள்ளைக்குத் துணை. காயும் பழமும் கூலிக்கு எட்டுவதில்லை. விளையாடத் திடலும் இல்லை. புறநகரில் காலி இடமெல்லாம் பிளாட்டாகிவிட்டது.

மறுபுறம், பருத்துவிடுவோம் என்ற பயத்தில் சோற்றை ஒதுக்கி எலும்பாகும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். தின்றதை ஒளிந்து வாந்தியெடுப்பவர்களும் உண்டு. வீட்டார் இதைத் திமிர் என்கிறார்கள். சிலர் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். இது உயிரைக் குடிக்கும் மனநோய். பெற்றோர் வேளை தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வைப்பதே இதற்கு முதல் மருந்து; அதுவும் மாதக்கணக்கில், டாக்டரின் மேற்பார்வையில். ஒருநாள் போகாவிட்டால் கூலி இல்லை என்ற நிலையிலுள்ள தாய் எப்படி உட்காருவாள்?

கடும் பருமனுக்கும் இதே கதிதான். கேலியால் ஒரு கிலோவும் குறையாது. பிள்ளை மறைவில் இன்னும் அதிகமாகத் தின்னும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு, மனம் எல்லாம் பரிசோதித்து, குடும்பம் முழுவதின் சாப்பாட்டையும் மாற்ற வேண்டும். கத்தி கடைசியில்தான். கத்திக்குப் பிறகும் ஆயுள் முழுவதும் சத்து மாத்திரையும் கண்காணிப்பும் உண்டு. விளம்பரக்காரர்களோ கத்தியை முதலில் காட்டுகிறார்கள், கடன் வாங்கியாவது வா என்று!

தாம்பரத்தில் 2025ல் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. குழந்தை டாக்டர், மனநல டாக்டர், உணவு ஆலோசகர் மூவரும் ஒரே நாளில், ஷிப்டு முடிந்து வரத்தக்க மாலை வேளையில், வளரும் பிள்ளைகளைப் பார்க்கும் தனிப் பிரிவு அங்கே வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். பிள்ளையின் வைத்தியத்துக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்துடன் லீவு வேண்டும். பல்லாவரம், தாம்பரம் வட்டாரச் சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதிச் சேர்க்கட்டும்.