மாலை போட்டால் மட்டும் போதுமா?

ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று ஒருவர் முன்வருகிறார். ஊரில் உள்ள சேவைச் சங்கத்தில் சேருகிறார். கூட்டத்தில் அவரை மேடைக்கு அழைக்கிறார்கள். மாலை போடுகிறார்கள். சட்டையில் சங்கத்தின் சின்னத்தைக் குத்துகிறார்கள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். போட்டோ பிடிக்கிறார்கள். சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வருகிறார். ஒரு மூலையில் உட்காருகிறார். பழைய அங்கத்தினர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கிறார்கள். இவரோடு பேச ஆள் இல்லை. அதற்கு அடுத்த கூட்டத்திலும் அதே கதைதான். நான்காவது கூட்டத்துக்கு அவர் வருவது இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை!

"சேவை செய்ய ஆள் கிடைக்கவில்லை" என்று பல சங்கங்கள் குறைப்படுகின்றன. வந்த ஆளை என்ன செய்தோம் என்று அவை யோசிப்பது இல்லை.

புதியவரை வரவேற்பது ஒரு சடங்கு அல்ல. சங்கம் வாழ்வதும் சாவதும் அதில்தான் இருக்கிறது. இதற்குச் சாட்சி வேண்டுமானால், உலகம் எங்கும் பரவி இருக்கும் ரோட்டரி சங்கத்தின் கதையைப் பார்க்கலாம்.

தனிமையில் பிறந்த சங்கம்

பால் ஹாரிஸ் என்பவர் ஒரு வக்கீல். அமெரிக்காவில் ஒரு சிற்றூரில், தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர். 1896-ம் ஆண்டு சிகாகோ நகரில் தொழில் செய்ய வந்தார்.

சிற்றூரில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். சிகாகோ பெரிய நகரம். தெரு நிறைய ஜனங்கள் இருந்தார்கள். ஆனால், மனம் விட்டுப் பேச ஆள் இல்லை. தொழில் நடந்தது, தனிமை மட்டும் தீரவில்லை. தன்னைப் போல இன்னும் எத்தனை பேர் இந்த நகரில் தனியாக இருப்பார்கள் என்று அவர் நினைத்தார்.

1905-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ந் தேதி இரவு, நான்கு பேர் ஒரு சிறிய ஆபீஸ் அறையில் கூடினார்கள். ஒருவர் வக்கீல் பால் ஹாரிஸ். இன்னொருவர் நிலக்கரி வியாபாரி. மற்றொருவர் சுரங்க என்ஜினீயர். நான்காமவர் தையல் தொழில் நடத்தியவர். ரோட்டரி சங்கம் இப்படித்தான் பிறந்தது.

இந்த வாரம் ஒருவர் ஆபீசில் கூட்டம் என்றால், அடுத்த முறை வேறு ஒருவர் ஆபீசில் கூட்டம். இப்படி முறை வைத்துச் சுற்றி வந்ததால்தான் "ரோட்டரி" என்ற பெயர் வந்தது. சீக்கிரமே அச்சுக்கூடம் வைத்திருந்த ஒருவர் வந்து சேர்ந்தார். கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கத்தை அவர் தொடங்கி வைத்தார். பட்டம், பதவி எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக் கொண்டார்கள்.

புதியவர் கேட்ட கேள்வி

தொடக்கத்தில் இந்தச் சங்கம் ஊருக்கு எதுவும் செய்யவில்லை. அங்கத்தினர்கள் நண்பர்களாக இருக்க வேண்டும்; ஒருவர் வியாபாரத்துக்கு ஒருவர் உதவ வேண்டும். நோக்கம் அவ்வளவுதான்.

1906-ம் ஆண்டு, டொனால்டு கார்ட்டர் என்ற வக்கீலைச் சங்கத்தில் சேரும்படி அழைத்தார்கள். சங்கத்தின் விதிகளை அவர் பார்த்தார். சேர மறுத்துவிட்டார்!

தங்கள் லாபத்தை மட்டும் பார்க்கிற சங்கம் நிலைக்காது, வெளியே இருக்கிற ஜனங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவருடைய வாதம்.

வேறு சங்கமாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? "இன்னும் உள்ளேயே வரவில்லை. அதற்குள் புத்தி சொல்ல வந்துவிட்டாரா?" என்று கோபப்பட்டிருப்பார்கள். சிகாகோக்காரர்கள் கோபப்படவில்லை. "நீங்கள் சொல்வது சரி. உள்ளே வந்து விதியை மாற்றுங்கள்" என்றுதான் நடந்து கொண்டார்கள். கார்ட்டர் சேர்ந்தார். சிகாகோ நகரத்தின் நன்மைக்குப் பாடுபடுவதும் சங்கத்தின் நோக்கம் என்று விதியில் எழுதப்பட்டது.

அதன் பிறகு சங்கம் எடுத்துக் கொண்ட முதல் பெரிய காரியம் என்ன தெரியுமா? பொதுக் கழிப்பிடம்! 1907-ம் ஆண்டில் அதற்காகப் பாடுபடத் தொடங்கினார்கள். மற்ற சங்கங்களையும் சேர்த்துக் கொண்டார்கள். நகரசபையோடு பேசினார்கள். கடைசியில் நகர மண்டபத்தின் அருகில் பொதுக் கழிப்பிடம் வந்தது.

பொன்னாடை போர்த்திக் கொள்கிற வேலை அல்ல இது. மூக்கைப் பிடித்துக் கொண்டு போக வேண்டிய விஷயம்! ஆனால், தெருவில் நடக்கும் ஏழைக்கும், கடை வீதிக்கு வரும் தாய்மாருக்கும் அதுதான் தேவையாக இருந்தது.

புதிதாக வந்தவர் ஒரு கேள்வி கேட்டார். பழையவர்கள் காது கொடுத்தார்கள். சங்கத்தின் தலை எழுத்தே மாறிவிட்டது.

இரண்டு சொட்டு மருந்து

அந்த மாற்றம் எவ்வளவு தூரம் வந்தது என்பதை இந்தியாவின் தாய்மார்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இளம்பிள்ளை வாதத்தை உலகத்தில் இருந்தே ஒழிக்க வேண்டும் என்று ரோட்டரி 1985-ம் ஆண்டு பெரிய திட்டம் தொடங்கியது. இந்தியாவில் 1995-ம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் சிறு குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் முகாம்கள் நடந்தன. சர்க்கார் ஊழியர்களும், டாக்டர்களும், நர்சுகளும், அங்கன்வாடி ஊழியர்களும் உழைத்தார்கள். அவர்களோடு சங்கங்களின் தொண்டர்களும் நின்றார்கள். பஸ் நிலையத்திலும் ரெயில் நிலையத்திலும் குழந்தைகளைத் தேடித் தேடி இரண்டு சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது.

2011-ம் ஆண்டு ஜனவரி மாதம் மேற்கு வங்காளத்தில் ஒரு சிறு பெண் குழந்தைக்கு இந்த நோய் கண்டது. இந்தியாவில் பரவிய இளம்பிள்ளை வாதக் கிருமிக்கு அவளே கடைசிக் குழந்தை. 2014-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி, இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியில் இந்த நோய் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று அளித்தது.

அந்த முகாம்களில் வெயிலில் நின்ற தொண்டர்கள் எல்லோரும் பெரிய பேச்சாளர்களா? இல்லை. பெரிய பணக்காரர்களா? இல்லை. என்றோ ஒரு நாள் ஒரு சங்கத்துக்குள் கூச்சத்தோடு காலடி எடுத்து வைத்தவர்கள்தான். அன்று அவர்களுக்கு யாரோ ஒருவர் "வாருங்கள், இந்த வேலையைப் பாருங்கள்" என்று சொல்லி இருக்கிறார்!

மூடி இருந்த கதவு

நல்லதைச் சொல்லும்போது கெட்டதையும் சொல்ல வேண்டும். இதே ரோட்டரி சங்கம் நீண்ட காலம் பெண்களைச் சேர்த்துக் கொள்ளவில்லை.

1977-ம் ஆண்டு, அமெரிக்காவில் டுவார்ட்டே என்ற ஊரின் சங்கம் மூன்று பெண்களை அங்கத்தினர்களாகச் சேர்த்தது. அதற்காகத் தலைமைச் சங்கம் அந்த ஊர்ச் சங்கத்தையே வெளியே தள்ளிவிட்டது. ஊர்ச் சங்கம் பணிந்து போகவில்லை. கோர்ட்டுக்குப் போனது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1987-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி தீர்ப்பு வந்தது. பெண்களை ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள். அரிமா சங்கம் என்று அழைக்கப்படும் லயன்ஸ் சங்கமும் அதே ஆண்டில் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 1989-ம் ஆண்டு ரோட்டரி தன் விதியை உலகம் முழுவதற்கும் மாற்றியது. 2022-ம் ஆண்டில் ஒரு பெண்மணியே உலக ரோட்டரியின் தலைவராகப் பதவி ஏற்றார். அவர் கனடா நாட்டைச் சேர்ந்த ஜெனிபர் ஜோன்ஸ்.

விதிப் புத்தகத்தில் கதவு திறந்துவிட்டது. ஆனால், பழக்கத்திலும் திறந்ததா? இரவு 8 மணிக்குக் கூட்டம் தொடங்கி 10 மணிக்கு முடிந்தால் குடும்பப் பெண் எப்படி வருவாள்? சாப்பாட்டுச் செலவே பெரும் தொகை என்றால் பள்ளிக்கூட வாத்தியார் எப்படிச் சேருவார்? எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில் என்றால், ஊரை நன்றாகத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் வாய் திறப்பாரா?

"யார் வேண்டுமானாலும் சேரலாம்" என்று சொல்வது சுலபம். அவர்கள் வருவதற்கு ஏற்ற நேரம், ஏற்ற செலவு, புரிகிற பேச்சு. இந்த மூன்றும் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

செய்ய வேண்டியவை

சங்கத் தலைவர்களும் காரியதரிசிகளும் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல.

1. புதியவரை அழைத்து வந்தவர் அவரை மேடையில் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. குறைந்தது மூன்று மாதம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மற்றவர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும்.

2. "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று முதல் நாளே கேட்க வேண்டும். ஒருவருக்குக் கணக்குத் தெரியும். ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஒருவருக்குச் சமையல் தெரியும். சேவைக்கு உதவாத கைத்திறன் எதுவும் இல்லை.

3. சீக்கிரமே ஒரு சிறு வேலையைக் கொடுக்க வேண்டும். கண் சிகிச்சை முகாமில் பெயர் பதிவது, முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போவது, குடிநீர் கொடுப்பது போன்றவை முதல் நாளிலேயே செய்யக் கூடியவை. ரத்ததான முகாமில் வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதும் ஒரு வேலைதான். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல் எடை உள்ள ஆரோக்கியமானவர் ரத்தம் கொடுக்கலாம் என்று எடுத்துச் சொல்ல டாக்டர் பட்டம் வேண்டியது இல்லை.

4. வரவு செலவு என்ன, எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புதியவருக்கும் சொல்ல வேண்டும். கணக்கை மறைக்கிற இடத்தில் நல்லவர்கள் தங்க மாட்டார்கள்.

5. அவர் இரண்டு கூட்டத்துக்கு வராவிட்டால், வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அல்லது மனம் புண்பட்டு இருக்கலாம். இரண்டையும் தெரிந்து கொள்ள வேண்டியது சங்கத்தின் கடமை.

பழையவர்களின் வாதம்

"புதியவர் ஒரு வருடம் சும்மா இருந்து கவனிக்கட்டும். பிறகு வேலை கொடுக்கலாம். வந்தவுடன் பொறுப்பைக் கொடுத்தால் கெடுத்துவிடுவார்" என்று சிலர் சொல்கிறார்கள்.

இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பணப் பெட்டியின் சாவியை முதல் நாளே கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், வேலை செய்ய வந்தவரை ஒரு வருடம் வேடிக்கை பார்க்க வைத்தால் என்ன ஆகும்? வேடிக்கை பார்க்கத்தான் பழகுவார்! மாட்டை வண்டியில் பூட்டாமலேயே வண்டி மாடாகப் பழக்க முடியுமா?

கூட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரோட்டரியில் வாரம் தவறாமல் கூட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2016-ம் ஆண்டு அதைத் தளர்த்திவிட்டார்கள். மாதம் இரண்டு முறை கூடினால் போதும் என்று ஆகிவிட்டது. இது நல்ல மாறுதல். மணி அடித்து, உறுதிமொழி வாசித்து, பேச்சுக் கேட்டு, நன்றி கூறிக் கலைவதோடு சேவை முடிந்துவிடாது. மிச்சமான அந்த மாலை நேரத்தை ஆஸ்பத்திரி வாசலிலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும் செலவிட்டால் ஊருக்கு லாபம்.

வருகிறவருக்கும் கடமை உண்டு

எல்லாக் குற்றத்தையும் சங்கத்தின் மேலேயே போட முடியாது. சட்டையில் குத்திக் கொள்ளச் சின்னம் வேண்டும், பெரிய மனிதர்களோடு பழக்கம் வேண்டும் என்று சேருகிறவர்களும் இருக்கிறார்கள். சேவைக்கு வருகிறவர் நாற்காலியைத் தேடக் கூடாது. வேலையைத் தேட வேண்டும். யாரும் பேசாவிட்டால் தானே போய்ப் பேச வேண்டும்.

வீட்டையும் மறக்கக் கூடாது. மாதத்தில் எத்தனை மணி நேரம் கொடுக்க முடியும் என்பதை மனைவியோடும் பிள்ளைகளோடும் பேசி முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அழுகை, வெளியில் சேவை என்றால் அது நீடிக்காது. முடிந்தால் குடும்பத்தையும் முகாமுக்கு அழைத்து வரலாம். அப்பா முதியவரின் கையைப் பிடித்து நடத்திச் செல்வதைப் பார்க்கிற பிள்ளைக்கு வேறு பாடம் தேவை இல்லை.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தைப் பிடிக்க ஒருவர் புதிதாக ஓடி வருகிறார். அவருக்குச் சந்தனம் கொடுங்கள், மாலையும் போடுங்கள். தவறு இல்லை. ஆனால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, வடத்தை அவர் கையில் கொடுங்கள்!