இல்லுறை குருவியும் நம் கடனும்

சில மாதங்களுக்கு முன், கொட்டாஞ்சேனையில் நான் ஆசிரியப் பணி புரியும் பாடசாலையிலே குறுந்தொகையின் 46 ஆம் செய்யுளை மாணாக்கர்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மாமலாடனார் பாடிய அச்செய்யுளில் ஒரு குருவி வருகின்றது. முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று, மன்றத்துப் புழுதியிலே குடைந்தாடி, மாலையில் வீட்டிறப்பில் தன் குஞ்சுகளோடு அது தங்குகின்றது. பொருள் கூறி முடித்ததும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, குருவி எப்படி வீட்டுக்குள் வந்தது? யாராவது பிடித்துக் கூட்டில் அடைத்து வைத்தார்களா?" என்று வினவினான். வகுப்பில் ஒருவரும் நகைக்கவில்லை. ஏனையோர்க்கும் அதுவே ஐயம் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். நிகண்டினாலும் உரையினாலும் தீர்க்கக்கூடிய ஐயம் அன்று அது.

இச்சிறு பறவைக்கு மாந்தர் இட்ட பெயர்களை நோக்குக. சங்கப் புலவர் அதனை மனையில் உறையும் குருவி என்றனர். சிங்கள மக்கள் 'கே குருல்லா' என்பர். வீட்டுக் குருவி என்பதே அதன் பொருள். 1758 இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு அதற்கு இலத்தீனிற் பெயர் வகுத்தபோதும், வீட்டுக்குரியது எனப் பொருள்படும் சொல்லையே சேர்த்தார். மூன்று மொழியினரும் அக்குருவியை வீட்டோடு சேர்த்தே பெயரிட்டனர். நம் வீட்டிறப்பையும் களத்துத் தானியத்தையும் நம்பி வாழப் பழகிய உயிர் அது. காட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என அதற்குக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

என் இளமையில் வெள்ளவத்தையில் ஓட்டு வீடுகளே மிகுதி. விறாந்தையின் வளையிலே சிறு மண்முட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுதல் தமிழர் வீட்டிலும் சிங்களவர் வீட்டிலும் இருந்த வழக்கம். குருவி கூடு கட்டிய வீட்டில் செல்வம் தங்கும் என்பர். என் பாட்டியார் சுளகிலே அரிசி புடைக்கும் வேளையில், குருவிகள் இரண்டு முழத் தொலைவில் வந்து காத்திருக்கும். இன்று அவ்வீடுகள் நின்ற இடத்தில் தொடர்மாடிகள் எழுந்துள்ளன. இறப்பு இல்லை, வளை இல்லை. அரிசி பொதியில் வருகின்றது, புடைப்பார் இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு பூச்சி வேண்டும். முற்றமோ சீமெந்தால் மூடப்பட்டுவிட்டது. குருவி நம்மை விட்டுப் போயிற்று என்கின்றோம். நாம் அதை விட்டுவிட்டோம் என்பதே நேர்மையான கூற்றாகும்.

2010 முதல் மார்ச் 20 ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அந்நாளில் சிலர் தம் மாடத்தில் மரப்பெட்டியோ மண்கலயமோ தொங்கவிடுகின்றனர். நற்செயலே. எனினும் தொங்கவிட்டதோடு தம் பணி முடிந்ததாக அவர் எண்ணுவராயின், அவ்வெண்ணம் முழுமையுடையதன்று. இடங்கொடுத்தல் வேறு, காத்தல் வேறு.

இவ்வேறுபாட்டை நன்கு காட்டும் சான்று வட அமெரிக்காவில் உள்ளது. ஊதா நிறத் தகைவிலான் என்னும் பறவை அங்கே கோடையிற் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்திலே தென்னமெரிக்கா செல்வது. ஐரோப்பியர் வருமுன்னரே அந்நாட்டுத் தொல்குடிகள், குடைந்த சுரைக்குடுக்கைகளைக் கம்பத்திலே தொங்கவிட்டு அதற்கு மனை தந்தனர். இன்று ரொக்கி மலைத்தொடருக்குக் கிழக்கேயுள்ள இப்பறவைகள், ஏறத்தாழ அனைத்துமே, மக்கள் அமைத்த கூடுகளிலே வாழ்கின்றன. புழைக்கடையிலே கம்பம் நட்டவர் அதனோடு ஓய்ந்திருப்பதில்லை. பாம்பு ஏறாதவாறு கம்பத்திற்குத் தடை கட்டுவர். பருந்தும் ஆந்தையும் எட்டாதவாறு வாயில் அமைப்பர். பருவமெல்லாம் கூட்டை இறக்கிப் பார்த்துக் குஞ்சுகளின் நலம் அறிவர். விந்தை என்னவெனில், அப்பறவையின் கூட்டைக் கவரும் பகைகளுள் நம் சிட்டுக்குருவியும் ஒன்று. 1850களின் தொடக்கத்தில் நியூயோர்க்கை அடுத்த புறூக்ளினிலே கொண்டுசென்று விடப்பட்ட குருவிகளின் வழித்தோன்றல்கள் அவை. தன் ஊரில் இடமிழந்து நிற்பதே வேற்றூரில் பிறர் இடத்தைக் கவர்கின்றது. ஆதலின் குருவியைக் காத்தற்குரிய இடம் அதன் பழைய இல்லமாகிய இதுவே.

காத்தல் என்பதன் பொருளை நான் நூலிற் கற்கவில்லை. 1983 யூலையில் நான் சிறுவன். வெள்ளவத்தையில் எங்கள் குடும்பம், அயலிலிருந்த சிங்களப் பெரியவர் ஒருவரின் வீட்டுப் பின்னறையிலே இரண்டு நாள் அடைக்கலம் புகுந்திருந்தது. கதவைத் திறந்தது அவர் செய்த முதற் காரியம். ஆனால் நாங்கள் உயிர் தப்பியது அக்கதவினால் மட்டும் அன்று. அவர் இரவும் பகலும் படலையடியில் நின்று, வந்து கேட்டோர்க்கு மறுமொழி கூறித் திருப்பி அனுப்பினார், அதனால் தப்பினோம். மனிதர் துயரையும் பறவையின் துயரையும் நான் ஒரு நிறையில் வைக்கவில்லை. அடைக்கலம் தருவோன் படலையடியிலும் நிற்கவேண்டும் என்பதை அன்று அறிந்தேன். அதை மட்டுமே ஈண்டுக் கூறுகின்றேன்.

குருவிக்காகப் படலையடியில் நிற்பது எவ்வாறு? பெருஞ்செலவு ஒன்றுமில்லை. கூட்டின் வாயில் 32 மில்லிமீற்றர் அளவினதாயின் குருவி நுழையும். காகமும் மைனாவும் நுழையா. பூனை எட்டாத உயரத்தில், மழையும் நண்பகல் வெயிலும் படாத இடத்தில், மின்விசிறிக்குத் தொலைவாக அதனைக் கட்டுக. ஆழமற்ற தட்டில் நீரும், ஒரு பிடி குறுணல் அரிசியும் வைக்க. பூஞ்சாடிகளுக்குப் பூச்சிமருந்து தெளியாது விடுக. அப்பூச்சிகளே குஞ்சுகளின் உணவு. இன்னும் ஒன்று: குருவி கூட்டமாய் வாழ்வது. தனி வீட்டில் தனி முட்டி போதாது. ஓர் ஒழுங்கையிலோ ஒரு தொடர்மாடியிலோ நாலைந்து குடும்பத்தினர் கூடிச் செய்தலே பயன் தரும்.

எல்லாவற்றினும் அரியது பொறுமை. குறுந்தொகையின் 85 ஆம் செய்யுளில், சூல்கொண்ட பேடைக்கு ஈனில் அமைப்பதற்காகச் சேவற்குருவி கரும்பின் பூவைக் கோதுகின்றது. பிள்ளைப்பேற்றுக்குரிய வீடு என்று புலவர் மதித்த ஒன்றையே நாம் குப்பை என்று தும்புத்தடியால் தள்ளுகின்றோம். முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். வண்ணப்பூச்சு வேலை ஒரு மாதம் பொறுக்கும். குஞ்சு ஒரு நாளும் பொறுக்காது.

விறாந்தை அழுக்காகும் என்பாரும், தானியத்தைத் தின்னும் என்பாரும் உளர். அழுக்கு உண்மையே, கூட்டின் கீழே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்தால் தீரும். தானியத்தைப் பற்றிச் சீனம் கற்ற பாடம் ஒன்றுண்டு. 1958 இல் அந்நாட்டு அரசு குருவியினத்தைப் பயிர்ப்பகை எனக் கொண்டு பறையொலித்து விரட்டிக் கொல்வித்தது. அங்கே கொல்லப்பட்டது நம் குருவிக்கு நெருங்கிய உறவான மரச்சிட்டு. பின்னர்ப் பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960 இல் குருவியைப் பகைப்பட்டியலினின்று நீக்கி, அவ்விடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர்.

இது நம்மவரால் ஆகாத செயலும் அன்று. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், வீட்டோரத்து மரங்களிலே நாரைகள் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சும் என்று அவ்வூரார் தீபாவளியன்றும் வெடி கொளுத்துவதில்லை. 1994 இல் அவ்விடம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மக்களின் காவலோ அதனினும் பழையது.

என் மாணவர்கள் பாடசாலைத் தாழ்வாரத்தில் ஐந்து முட்டிகள் கட்டியுள்ளனர். அவற்றுள் ஒன்றிற்கு ஓரிணை வைக்கோல் கொண்டுவருகின்றது. அன்று வினவிய மாணவனே நாள்தோறும் தட்டில் நீர் ஊற்றுகின்றான். குறுந்தொகையின் அச்செய்யுளை அவனுக்கு நான் மீண்டும் விளக்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. இதனைப் படிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் பாடசாலைத் தாழ்வாரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாராக. அங்கே கூடு இருப்பின் காக்க. இல்லையாயின் ஒரு முட்டி கட்டுக.