லோடர் மெசினுக்குப் பின்னால் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ட்ரக்டர் வைத்திருப்பவர்களும், அதில் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை விட்டு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். குறுக்கு வீதி ஒன்றில் ஒரு வளவுக்குக் கிறவல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மாரிக்கு முன்னால் பள்ளக் காணிகளை உயர்த்துவது நமது ஊர்களில் வழமைதானே. டிப்பர் வீதியோரம் கொட்டிவிட்டுப் போன குவியலை, முன்னால் லோடர் பூட்டிய சின்ன நாலு சில்லு மெசின் ஒன்று அள்ளி அள்ளி உள்ளே கொண்டுபோனது. மெசினின் பின்பக்கம், கலப்பை பூட்டுகிற இரண்டு கைகளிலும் காலை வைத்து, மட்கார்டைப் பிடித்தபடி ஒரு பையன் நின்றான். அண்மையில்தான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் மாணவன்.

"என்ன மனே, அங்க ஏறி நிக்காய்?" என்று கேட்டோம்.

"பாரத்துக்கு சேர். பக்கெட் நிறைஞ்சா பின்சில்லு கெளம்புது. நான் நிண்டா கெளம்பாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மெசின் ஓட்டிய காக்காவிடம் பேசினோம். அவர் கெட்ட மனிதர் அல்ல. "இன்னம் ரெண்டு மூணு நடைதான் சேர் இரிக்கி" என்று சொல்லிப் பையனை இறக்கிவிட்டார். நாங்கள் வீதி முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவன் மறுபடியும் ஏறி நின்றான்.

அன்றிரவு எங்களை உறுத்திய விசயம் இதுதான். தரம் 10 விஞ்ஞானத்தில் விசையின் திரும்பல் விளைவை அவனுக்குப் படிப்பித்தது எங்கள் பாடசாலை. சீசோ படம் கீறி, இந்தப் பக்கம் பாரம் கூடினால் அந்தப் பக்கம் கிளம்பும் என்று காட்டினோம். அவன் அதை விளங்கித்தான் அங்கே ஏறி நிற்கிறான். பின்னால் பாரம் வேண்டும் என்பது சரி. அந்தப் பாரமாகத் தன்னையே வைத்ததுதான் பிழை. அந்தப் பிழை அவனுடையது மட்டுமல்ல, பெரியவர்களான நம் எல்லோருடையதும்.

இப்போது அந்தக் கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றதும் தாண்டிப் போய்விடாதீர்கள், கூட்டலும் பெருக்கலும்தான்.

உதாரணத்துக்கு, லோடர் பூட்டிய ஒரு சின்ன மெசினின் முன்சில்லுகளில் 650 கிலோவும் பின்சில்லுகளில் 500 கிலோவும் நிற்பதாக வைப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 1.6 மீற்றர். பக்கெட்டில் 400 கிலோ நனைந்த கிறவல். அந்தப் பாரம் முன் அச்சிலிருந்து 1.4 மீற்றர் முன்னால் தொங்குகிறது. முன் அச்சுத்தான் இங்கே சீசோவின் நடுக்கட்டை. 400ஐ 1.4ஆல் பெருக்கி 1.6ஆல் பிரித்தால் 350 வரும். அதாவது பின்சில்லுகளில் இருந்த 500 கிலோவில் 350 கிலோ காணாமல் போய், 150 கிலோதான் மிச்சம். முன்சில்லுகளிலோ 650 கிலோ 1,400 கிலோவாகிவிட்டது.

பையனின் நிறை 50 கிலோ என்று வைப்போம். பின் அச்சிலிருந்து 80 சென்ரிமீற்றர் பின்னால் அவன் நிற்கிறான். இதே முறையில் கணக்கிட்டால், பின்சில்லுகளுக்கு அவன் கொடுப்பது 75 கிலோ. கொஞ்சம் உதவி இருக்கத்தான் செய்கிறது. இந்தப் பழக்கம் விடாமல் தொடர்வதற்கும் அதுதான் காரணம்.

அவன் நிற்கும் அதே இடத்தில் 300 கிலோ கொங்கிரீட் கட்டி ஒன்றைப் பூட்டினால் என்ன நடக்கும்? பின்சில்லுகளுக்கு 450 கிலோ கூடும். முன்சில்லுகளிலிருந்து 150 கிலோ குறையும். 150ஆக இருந்த பின்பாரம் 600 ஆகும். பையன் தந்த 75 எங்கே, கட்டி தரும் 450 எங்கே.

அந்தக் கட்டி எவ்வளவு பெரியது தெரியுமா? நீளம், அகலம், உயரம் மூன்றும் 50 சென்ரிமீற்றர். அவ்வளவுதான். கொங்கிரீட் ஒரு கனமீற்றர் ஏறக்குறைய 2,400 கிலோ என்பதால் அந்தச் சின்னப் பெட்டி 300 கிலோ வந்துவிடும். 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்று, மணல், சல்லி, கொஞ்சம் கம்பி, பின்கைகளிலும் மேல் இணைப்பிலும் பூட்டுவதற்கு வெல்டிங் கடையில் செய்த ஒரு இரும்புச் சட்டம். இவ்வளவும் இருந்தால் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகலாம்.

"பின்சில்லு கிளம்பினால் என்ன, பக்கெட்டை இறக்கினால் சரிதானே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சில்லு கண்ணுக்குத் தெரிய நிலத்தை விட்டுக் கிளம்புவது கடைசிக் கட்டம். ஆபத்து அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடும்.

முதலாவது, பக்கவாட்டில் புரள்வது. ட்ரக்டரின் முன் அச்சை எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு பின்னில் அது தொட்டில் போல ஆடும். மேடு பள்ளத்தில் நாலு சில்லும் நிலத்தில் படுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் மெசினைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடிப்பது பெரும்பாலும் பின்சில்லுகள் இரண்டும்தான். பின்னால் பாரம் குறைந்தால் முழுக் கனமும் அந்த நடுப் பின்னில் போய் உட்காரும். அப்போது ஒரு சில்லு வரம்பில் ஏறினாலோ, பக்கெட்டை உயர்த்தியபடி வெட்டித் திருப்பினாலோ மெசின் சரியும். லோடர் மெசின்கள் மூக்குக் குப்புற விழுவதை விடப் பக்கவாட்டில் புரள்வதுதான் பெரிய பயம்.

இரண்டாவது, பிரேக். பெரும்பாலான ட்ரக்டர்களில் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளில் மட்டும். பாரமில்லாத சில்லில் பிரேக் பிடித்தால் அது இழுபட்டுப் போகும், மெசின் நிற்காது. வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. நாலு சில்லு இழுவை உள்ள மெசினென்றால் லோடர் வேலையில் அதைப் போட்டே ஓட்டுங்கள். அப்போது பிரேக் முன்சில்லுகளுக்கும் போய்ச் சேரும்.

மூன்றாவது, காசு. முன் அச்சு, பெயரிங், சீல், ஸ்டியரிங், முன்டயர் எல்லாம் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமந்து சீக்கிரம் தேயும். உயிரைச் சொல்லிக் கேட்காதவர் கராஜ் பில்லைச் சொன்னாலாவது கேட்பார் என்றுதான் இதை எழுதுகிறோம்.

இன்னொரு விசயமும் கவனிக்க வேண்டும். பக்கெட் ஒன்றுதான், அதில் ஏறும் பாரம் ஒன்றல்ல. கனமீற்றரில் ஐந்திலொரு பங்கு கொள்ளும் பக்கெட்டில் உமி அள்ளினால் 20, 30 கிலோ வரும். நெல் என்றால் 120 கிலோவுக்குக் கிட்ட. காய்ந்த மணல் 320 கிலோ. அதே மணல் மழையில் நனைந்திருந்தால் 400 கிலோவைத் தொடும். அரிசி ஆலையில் உமி தள்ளிப் பழகிய கை, அடுத்த நாள் அதே மெசினில் ஈர மணல் அள்ளப் போகிறது. நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

மெசின்காரர்கள் சொல்லும் நியாயங்களையும் கேட்டோம். "பாரம் கட்டினால் வயலில் புதையும், டீசல் கூடும்" என்கிறார்கள். வயலைப் பொறுத்தவரை அது உண்மை. அதனால்தான் கழற்றிப் பூட்டக்கூடிய கட்டியைச் சொல்கிறோம். லோடர் வேலைக்குப் பூட்டுங்கள், உழவுக்குக் கழற்றுங்கள். லோடரைக் கழற்றிவிட்டுக் கட்டியை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு ஓடுவதும் கூடாது. அப்போது முன்சில்லு இலேசாகி ஸ்டியரிங் கேட்காது.

"பின்டயருக்குள் தண்ணி விட்டிருக்கிறோம், போதாதா?" என்பது அடுத்த கேள்வி. நல்லதுதான், மெசினைத் தாழ்வாகப் பிடித்து வைக்கும். ஆனால் டயரில் உள்ள தண்ணீரின் பாரம் பின் அச்சில்தான் நிற்கிறது. முன் அச்சின் சுமையை அது ஒரு கிலோவும் குறைக்காது. பின் அச்சைத் தாண்டிப் பின்னால் தொங்கும் பாரம்தான் அதைச் செய்யும்.

"ரொட்டவேட்டர் பூட்டியிருந்தால்?" அது போதிய கனமென்றால் அதுவே பின்பாரம். சுழற்சியை நிறுத்தி, நிலத்திலிருந்து கொஞ்சம் மட்டும் உயர்த்தி வைத்தால் போதும். "பெட்டி கொழுவியிருந்தால்?" வெறும் பெட்டியை நம்பாதீர்கள். அதன் பாரத்தை அதன் சொந்தச் சில்லுகளே சுமக்கின்றன. மண் மூட்டைகளைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம். ஆடும் பாரம் திருப்பத்தில் மெசினை இழுக்கும். கட்டியாக இருந்தாலும் பக்கச் சங்கிலிகளை இறுக்கி, பின்களுக்குக் கிளிப் போட்டுத்தான் ஓட வேண்டும்.

எத்தனை கிலோ என்பதை நாங்கள் சொன்ன உதாரணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். லோடரின் கைநூலைப் பாருங்கள், அல்லது விற்றவரிடம் கேளுங்கள். பின்கைகள் தூக்கக்கூடிய அளவையும் தாண்டக் கூடாது. லோடர் வாங்கும்போது விலை பேசுகிற நாம், "இதற்குப் பின்பாரம் எவ்வளவு, அது எங்கே?" என்று கேட்கிறோமா? கேட்டால்தானே விற்பவரும் அதைச் சேர்த்துத் தருவார். அது மேலதிகச் சாமான் அல்ல. லோடரின் மறுபாதி.

ஓட்டுகிற தம்பிமாருக்கு: பக்கெட்டை முழங்காலுக்கு மேல் உயர்த்தி ஓடாதீர்கள். சமநிலத்தில், மெசின் நேராக நின்ற பிறகுதான் உயர்த்துங்கள். சரிவில் ஏறும்போது பாரத்தோடு முன்னால் ஏறுங்கள், இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குங்கள். பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். பின்பக்கம் இலேசாவது போலத் தெரிந்தால் திருப்பாமல், பிரேக்கை அடிக்காமல், பக்கெட்டை மெல்ல இறக்குங்கள். சீட்டுக்குப் பின்னால் இரும்பு வளைவு இருந்தால் அதை நிமிர்த்தி வைத்து, பெல்ட்டையும் போடுங்கள். ட்ரக்டர் புரளும்போது ஓட்டுபவர் நசியாமல் காப்பது அந்த வளைவு. சுவீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே புதிய ட்ரக்டர்களுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். ஆனால் அது காப்பது சீட்டில் பெல்ட்டோடு இருப்பவரை மட்டும். பின்னால் தொற்றி நிற்பவனுக்கு அந்த வளைவும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மெசின் ஒரு குழியில் துள்ளினால் அவன் விழுவது பின்சில்லுக்குக் கிட்டத்தான். ஓட்டுபவர் முன்னால் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த நிமிடம் ரிவர்ஸ் எடுப்பார்.

2024 நவம்பர் 26ஐ நம்மில் யாரும் மறக்கவில்லை. மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த ட்ரக்டர் புரண்டு, பிள்ளைகளின் ஜனாஸாக்களை நாட்கணக்கில் தேடினோம். அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. அது வெள்ளத்தால் நடந்தது. லோடருக்கும் பின்பாரத்துக்கும் அதில் சம்பந்தமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ட்ரக்டரில் தொங்கும் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் ஆசிரியர்களான எங்களுக்கு மனம் பதறுகிறது. கனமான மெசின், அது ஏன் புரளப் போகிறது என்ற நம்பிக்கை நமது ஊர்களில் இன்னும் இருக்கிறது. கனம் எவ்வளவு என்பதை விட, அது எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். தரம் 10 பிள்ளைக்குத் தெரிந்த இந்தப் பாடத்தை வளவிலும் வட்டையிலும் நாம் மறந்துவிடுகிறோம்.

எங்களுடைய வேண்டுகோள் மூன்று.

மெசின் உரிமையாளர்களே, இந்த மாரிக்கு முன் ஒரு கட்டி வார்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் செலவழிக்க விருப்பமில்லையென்றால், ஒரு ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அச்சில் வார்க்கலாம். விவசாய அமைப்புகள் இதை ஒரு கூட்டத்தில் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மண் நிரப்ப மெசின் பிடிப்பவர்களே, காசு கொடுப்பவர் நீங்கள். "பின்பாரம் இல்லாமல் என் வளவுக்குள் வராதீங்க, பின்னால ஆள் நிக்கப்படாது" என்று ஒரு சொல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நடக்கும்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களே, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அந்தப் பிள்ளைகளில் பலரின் வீட்டில் அல்லது அயலில் ஒரு மெசின் நிற்கும். சீசோ படத்தோடு நிறுத்தாமல், லோடர் மெசின் ஒன்றின் படத்தையும் கரும்பலகையில் கீறுங்கள். நாங்கள் தொடங்கிவிட்டோம். போன திங்கட்கிழமை தரம் 10 வகுப்பில் மேலே உள்ள கணக்கைத்தான் கொடுத்தோம். விடை 75 என்று வந்ததும் பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான், "அப்ப அந்த 300 கிலோ கட்டிய வாப்பாட மெசினுக்குச் செய்ய எவ்வளவு முடியும் சேர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வெல்டிங் வேலை தெரிந்த ஒரு சகோதரர் வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் இப்படிச் சட்டம் செய்து பழக்கமுள்ளவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், செலவையும் சொல்லுங்கள். மற்றவர்கள் இதை மெசின் ஓட்டுகிற ஒருவருக்காவது அனுப்பிவிடுங்கள்.