மாற்று நிலம் யாருக்கு?

“பூங்காவில் கொஞ்சம் பில்டருக்குக் கொடுத்தால் என்ன? ஊருக்கு வெளியே இரண்டு மடங்கு நிலம் வாங்கிக்கொள்ளலாமே” என்கிறார் நண்பர். பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் காலையெல்லாம் மூட்டை இறக்கியவர், சாயங்காலம் கால் நீட்ட கப்பன் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். தேவனஹள்ளிக்கு அப்பால் கிடைக்கும் நிழலுக்கு அவர் எந்த பஸ் ஏறுவது, ஐயா?

“உபயோகமான கட்டடம்தானே” என்பதும் பழைய வாதம். இதே பெங்களூரில், ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சர் சொன்னார் என்பதற்காக, பெங்களூர் வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. எதற்கு? மருத்துவமனை கட்ட! அதைவிட நல்ல சாக்கு உண்டா? குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். தனி நீதிபதி கைவிரித்தார். டிவிஷன் பெஞ்ச் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. 1991இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காசு கட்டி நுழையும் தனியார் மருத்துவமனையும், யாரும் சும்மா வந்து உட்காரும் பூங்காவும் ஒன்றுக்கொன்று ஈடல்ல என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மருத்துவமனைக்கே அந்தக் கதி. நண்பரின் பில்டர் கட்டப்போவதோ மால்.