நர்ஸ் படிப்பு – 6: அழாத பிள்ளைக்கு முதல் பால்

பரீட்சைக்கு இன்னும் அஞ்சே வாரம். அதனால இந்த வாரமும் என்கிளெக்ஸ் புராணம்தான், பொறுத்தருள்க.

அமெரிக்காவுல நர்ஸ் உரிமம் வாங்கறதுக்கான தேர்வு இது. 85லிருந்து 150 கேள்வி, அதிகபட்சம் அஞ்சு மணி நேரம். 2023 ஏப்ரல்ல மாத்தி அமைச்சாங்க. நோயாளியோட கதை முழுசையும் கொடுத்துட்டு, எது முக்கியமான அறிகுறி, எதை முதல்ல கவனிப்பேன்னு கேக்கறாங்க. வெறும் மனப்பாடம் உதவாது.

மாதிரிக்கு ஒண்ணு. யாரை முதல்ல போய்ப் பார்ப்பீங்க?

1. சிறுநீரகக் கல். வலி பத்துக்கு ஒன்பது. கத்தறார்.
2. பல வருஷமா சிஓபிடி நுரையீரல் நோய். ஆக்ஸிஜன் 90 சதவீதம்.
3. நேத்து தைராய்டு சுரப்பியை எடுத்தவங்க. உதட்டைச் சுத்தி மரத்துப்போன மாதிரி இருக்காம்.
4. சர்க்கரை நோயாளி. சர்க்கரை 240.

விடை: மூணு. தைராய்டை ஒட்டி இருக்கற குட்டி பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டா, ரத்தத்துல கால்சியம் இறங்கும். உதடு மரத்துப்போறது அதோட ஆரம்ப அடையாளம். விட்டா குரல்வளை இறுகி மூச்சே அடைச்சிடலாம். கல் வலி கொடுமைதான், ஆனா அந்த நோய்க்கு எதிர்பார்த்த வலி. சிஓபிடிக்காரருக்கு 88–92 இருந்தாலே போதும். 240ஐயும் கவனிக்கணும், ஆனா கொஞ்ச நேரம் தாங்கும்.

ஆக சூத்திரம் இதுதான்: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். அப்புறம், எதிர்பார்த்ததா எதிர்பாராததா? பழசா புதுசா?

‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ங்கற பழமொழி இங்க வேலைக்காகாது. ஆஸ்துமா முத்தின குழந்தைக்கு இழுப்புச் சத்தம் திடீர்னு நின்னு, குழந்தையும் துவண்டு போச்சுன்னா அது குணமில்லை. உள்ள காத்தே சரியா போகலைன்னு அர்த்தம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஊர்ல இருக்கற அம்மாதான் ஞாபகத்துக்கு வர்றாங்க. எது கேட்டாலும் ‘எனக்கென்னடி, வெறும் வாயு’. பெண்களுக்கும், ரொம்ப நாளா சர்க்கரை உள்ளவங்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாம மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்கும், குப்புனு வேர்க்கும், குமட்டும், தாடை வலிக்கும், காரணமில்லாத அசதி வரும். அவ்வளவுதான். அதனால போன்ல ‘வலிக்குதா’ன்னு மட்டும் கேக்காதீங்க. ‘நேத்து இல்லாதது இன்னிக்கு என்ன?’ன்னு கேளுங்க. பதில்ல இதெல்லாம் திடீர்னு தலைகாட்டினா, ஓமத்தண்ணி வேண்டாம், உடனே 108.

அடுத்த வாரம் மருந்துக் கணக்கு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? இப்பவே கண்ணைக் கட்டுது!