அமுதசுரபியும் பெயர்ப் பட்டியலும்

2024 டிசம்பர் 26 அன்று பிச்சாவரத்தில் ஒரு கவிதை வாசிப்பு நடந்தது. சுனாமி வந்து இருபது வருஷம் ஆனதை முன்னிட்டு. வங்கியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். இரண்டு துடுப்புப் படகுகள், பதினோரு பேர். கால்வாய்க்குள் போய், சுரபுன்னை வேர்கள் இருபுறமும் தொங்கும் நிழலில் படகை நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இருநூற்றுச் சொச்சம் பேரில் அவர்களும் அடக்கம், அவர்களுக்கே தெரியும். ஒன்பது கவிதைகளில் ஏழில் கடல் தாயாக இருந்தது. ஏழில் ஐந்தில் தாய் பேயாகிவிட்டாள். மீதி இரண்டு கவிதைகளில் ஒரு பொம்மை கரை ஒதுங்கியது.

திரும்பும்போது படகோட்டி கேட்டார்: "நீங்கள்லாம் எந்த டிபார்ட்மெண்ட் சார்?" டிசம்பர் மாதத்தில் கூட்டமாக வந்து காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் எதையோ கணக்கெடுக்க வந்தவர்களாகத்தான் இருக்கமுடியும் என்பது அவருடைய அனுபவம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சிரிக்கிற விஷயமில்லை என்று பட்டது.

2005 ஜனவரியில் நான் சிதம்பரத்தில் பதினோராம் வகுப்பு. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். எங்கள் கடலூர் மாவட்டத்தில் 600க்கு மேல். பானர் கட்டிய லாரிகள் வந்த வண்ணம் இருந்தன. எங்கள் தெருவிலும் மூட்டை கட்டினார்கள்; அம்மா இரண்டு தலையணை உறையும் என் பழைய கால்சட்டை நாலும் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததில் எங்களுக்கு ஒரு திருப்தி, அலமாரியிலும் கொஞ்சம் இடம். சில நாள் கழித்துக் கிள்ளை போகிற வழியில் அந்தத் துணிகளைப் பார்த்தேன், அல்லது அவற்றின் உறவினர்களை. சாலையோரம் குவியலாகப் பனியில் நனைந்து கிடந்தன. மீனவர்கள் தொடவில்லை. "திமிரைப் பார்" என்றார்கள் நம்மூர்க்காரர்கள். பிறத்தியார் உடுத்திக் கழித்ததை உடுத்தாத கௌரவம், எல்லாவற்றையும் இழந்தவனுக்கும் மிச்சம் இருக்கும் என்பதை மூட்டை கட்டியவர்கள் யோசிக்கவில்லை. நாகப்பட்டினத்திலும் இதே காட்சி. பழந்துணியை அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்கு ஒரு தனி வேலையாகிப் போயிற்று.

கவிதைகளும் அதே லாரிகளில்தான் வந்தன. தாய், பேய், தாண்டவம், உப்புக்கண்ணீர் என்று ஏற்கெனவே யாரோ உடுத்திக் கழித்த படிமங்கள். சினிமாக்காரர்கள் பரவாயில்லை, அவர்களிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. 2008இல் வந்த 'தசாவதாரம்' சிதம்பரத்தில் ஆரம்பித்து, கதையின் முடிச்சை அவிழ்க்கச் சுனாமியையே கூப்பிட்டுக்கொண்டது. உப்புநீர் கிருமியைக் கொன்று உலகத்தைக் காப்பாற்றுகிறது. கிள்ளையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாளா என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் நவீனத்துவம் பேசுகிற நாமும் பேரழிவைக் கதைக்கு வசதியான ஒரு கருவியாகத்தானே எடுத்துக்கொண்டோம்?

இதற்கு நம்மிடம் ஒரு காவியமே இருக்கிறது. அதைப் பாதிதான் படித்திருக்கிறோம். 2004க்குப் பிறகு மணிமேகலையை எடுத்தவர்கள் எல்லோரும் புகாரைக் கடல் கொண்ட கதைக்காகவே எடுத்தார்கள். இந்திர விழாவை மறந்ததற்குத் தண்டனையாம். அதே நூலில் ஆபுத்திரன் கதை இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தோடு வருவோர்க்கெல்லாம் சோறிடுகிறான். இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. மழையைக் கொட்டி நாட்டைச் செழிக்க வைக்கிறான். பசித்தவர்கள் இல்லாமல் போகிறார்கள். ஆபுத்திரன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக "உண்ண வருவார் உண்டா" என்று அலைகிறான். ஜனங்கள் கேலி செய்கிறார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் பலருக்குச் சோறிடும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தான் மட்டும் உண்பதா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, பட்டினி கிடந்து உயிர் விடுகிறான்.

நிவாரணத்தின் துன்பியல் முழுக்க இதில் இருக்கிறது. பாத்திரம் ஓரிடம், பசி வேறிடம், நடுவே போய்விட்ட கப்பல். 2005 ஜனவரியில் தார் ரோடு போகிற கடற்கரைக் குப்பங்களில் ஒரே நாளில் நாலு வண்டி சோற்றுப் பொட்டலம் வந்து இறங்கியது. ரோடு போகாத இடத்துக்கு ஒன்றும் போகவில்லை. இதில் யாருக்கும் கருணை குறைவில்லை. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அலை வந்த அன்றே சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்து ஊர் என்பதால் யாருக்கு எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தூரத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களில் பலருக்குத் தோன்றவும் இல்லை.

தோன்றிய சிலர் நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். 2005 ஜனவரி முதல் தேதி, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் 'ஸ்நேகா' என்ற அமைப்பும் சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கினார்கள். செய்தது என்ன? எந்த ஊரில் எத்தனை குடும்பம், எங்கே கொட்டகை, எங்கே கழிப்பறை இல்லை, யார் எந்த ஊருக்கு என்ன தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதி வைத்தது. தினமும் திருத்தியது. வந்து இறங்கும் லாரிக்காரரிடம் "அந்த ஊருக்கு அரிசி போதும், இந்த ஊருக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோங்கள்" என்று சொன்னது. இவ்வளவுதான். இதைப் பற்றி ஒரு கவிதை கிடையாது. கடலூரில் அப்போது கலெக்டராக இருந்த ககன்தீப் சிங் பேடியின் வேகத்தை இன்றும் சொல்கிறார்கள். வேகத்தைச் சொல்கிறவர்கள் அந்த வேகத்துக்குப் பின்னால் ராத்திரி உட்கார்ந்து பெயர் எழுதிய கிராம நிர்வாக அலுவலர்களைச் சொல்வதில்லை.

நம் நவீன இலக்கியவாதிக்குக் குமாஸ்தா என்றால் ஓர் இளக்காரம். சிறுகதையில் குமாஸ்தா வந்தால் அவன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பான், அல்லது பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பான். பேரேடு என்றால் உயிரற்றது, கவிதை என்றால் உயிருள்ளது என்று ஓர் எளிய வாய்ப்பாடு. இதை எங்கிருந்து பிடித்தோம் என்பதும் தெரிந்ததுதான், நானும் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். 1755 நவம்பர் முதல் தேதி லிஸ்பன் நகரத்தைப் பூகம்பமும் அதையடுத்துக் கடலும் அழித்தபோது வால்தேர் கவிதை எழுதினார். இறைவனின் நீதியைக் கேள்வி கேட்டார். ஐரோப்பாவின் சிந்தனையே திரும்பியது என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதே சமயத்தில் போம்பால் என்கிற மந்திரி, தேசத்தில் உள்ள பங்குகளுக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆடியது, எத்தனை பேர் செத்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா. பூகம்பத்தைப் பற்றிய விஞ்ஞானம் அந்தப் பதில்களிலிருந்து ஆரம்பிக்கிறது என்கிறார்கள். வால்தேர் பெரியவர்தான், மறுக்கவில்லை. அந்தக் கேள்வித்தாளும் ஓர் உரைநடை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் பட்டியலுக்குத் துதி பாடுகிறவன் ஆகிவிடுவேன். பட்டியல் சாதுவான பிராணி இல்லை.

அலை வந்த கரையில் கணக்குச் சொல்லத் தகுதியோடு நின்ற ஒரே ஸ்தாபனம் பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்து. அது இல்லாவிட்டால் செத்தவர்களையே எண்ணியிருக்க முடியாது. வந்ததைப் பொதுவில் வைத்துச் சமமாகப் பங்கிட்டார்கள். ஆனால் யாருக்குள் சமம்? ஊருக்கு வரி கொடுக்கிற தலைக்கட்டுகளுக்குள். வரி என்பது கல்யாணமான ஆண்பிள்ளையின் கணக்கு. புருஷனை அலை கொண்டுபோனவள் அந்தக் கணக்கில் அரையாகவோ பூஜ்யமாகவோ ஆனாள். வலை இழுக்கவும் கருவாடு சுமக்கவும் கூலிக்கு வந்த தலித்துகள் ஊருக்கே வெளியே. அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் ஒரே வாசலில் பட்டியலை வாங்கிக்கொண்டதில் அந்த வாசலின் ஜாதி, பட்டியலின் ஜாதியாயிற்று. விடுபட்டவர்களைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் 2005லேயே எழுதினார்கள். அப்போது நம் பத்திரிகைகளில் என்ன விவாதம் நடந்தது என்று எடுத்துப் பார்க்கலாம். வேண்டாம், வெட்கமாக இருக்கும்.

பிச்சாவரத்து இருளர்களைப் பார்ப்போம். கழிமுகத்தில் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். இழப்பு மதிப்பீட்டுப் படிவம் இவர்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு: இல்லை. என்ஜின்: இல்லை. வலை: இல்லை. சொந்த வீடு: புறம்போக்கு. ஆக, இழப்பு: இல்லை. அந்தப் படிவத்தில் பொய் ஒன்றும் கிடையாது. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. இழப்பு என்றால் சொத்து இழப்பு என்று ஒரு பத்தித் தலைப்பு முடிவு செய்துவிட்டது. உடைமை உள்ளவர்களுக்கோ உடைமை பெருகியது. கட்டுமரம் போன இடத்தில் ஃபைபர் படகு வந்தது, போனதைவிட அதிகமாக வந்தது. படகுக்கு ஆள் கிடைக்காமல் கரையில் கிடந்ததும் உண்டு. வீட்டுக்கு 2005 மார்ச் மாதத்து அரசாணை, ஒன்றரை லட்ச ரூபாய், 325 சதுர அடி வரை. பிற்பாடு இருளர்களையும் சேர்த்தார்கள், சிலருக்கு வீடு வந்தது, நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் பிற்பாடு.

சேற்றைத் தடவும் கையை எந்தப் பத்தியில் எழுதுவது? மொழியைப் பற்றிய கேள்வி இதைவிட வேறென்ன இருக்கிறது? பெயரிடுவது, வகைப்படுத்துவது, ஒரு சொல் எதை வெளியே தள்ளுகிறது என்பது, இதையெல்லாம்தானே நாம் வருஷக்கணக்காக விமர்சனம் என்ற பெயரில் பேசி வருகிறோம்?

"அப்படியானால் இலக்கியம் நிவாரண வேலை செய்யவேண்டும் என்கிறீரா" என்று கேட்பார்கள். கலை கலைக்காகவா மக்களுக்காகவா என்ற பழைய பட்டிமன்றத்தை என்னிடம் கொண்டுவர வேண்டாம். நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. எழுதுகிற பொருளைத் தெரிந்துகொண்டு எழுதுவது. அன்று படகில் ஒரு நண்பர் சுரபுன்னைக் காட்டை, அலையைத் தன் மார்பில் தாங்கிய அன்னை என்றார். கைதட்டல். காடு காப்பாற்றியது என்று 2005இல் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு எழுதினார்கள். கடலூர்க் கரையைப் பற்றி அதே வருஷம் இன்னொரு கட்டுரையும் வந்தது. 2006இல் வேறு மூவர் முதல் கட்டுரையின் எண்களையே திரும்பப் போட்டுப் பார்த்து, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதே வித்தியாசத்தைப் பெரும்பாலும் விளக்கிவிடுகிறது, காட்டுக்குத் தனியாகப் பெருமை கொடுக்க ஆதாரம் போதாது என்றார்கள். சர்ச்சை நீண்டது. எனக்கென்னவோ காடு கொஞ்சமாவது தடுத்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் உயரமும் தூரமும் என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும்: தாழ்ந்த இடத்தில் குடியிருக்கும்படி ஆனவர்கள் யார்? அன்னை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி தேவைப்படாது. அந்த அன்னைக்குள் இருளர் நுழைந்தால் அது காப்புக்காடு, வனத்துறை கேட்கும். நாங்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து நுழைந்தோம்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் ஊருக்குள் கண்ணில் படுவதில்லை, இந்தக் காட்டில்தான் இருக்கிறது. அதன் பால் பட்டால் கண் போய்விடும். கவிதைக்கு அது யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு என் கௌண்டருக்கு ஓர் இருளர் அம்மாள் வந்தார். ஏதோ நிவாரணத் தொகை கணக்கில் ஏறவேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் அதன் வால் நீண்ட ஒரு பெயர், பாஸ் புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று. விதிப்படி திருப்பி அனுப்பினேன். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் "சரி தம்பி" என்றார். நாலாவது முறை வரவில்லை. அவர் கிள்ளையிலிருந்து பஸ் ஏறி வந்துபோக ஒரு நாள் கூலி என்று அப்போதும் எனக்குத் தெரியும். அன்று மாலை நான் ஒரு மொழிபெயர்ப்புக் கவிதையில் ஒரு பெயர்ச்சொல்லுக்காக இரண்டு மணி நேரம் அலைந்துகொண்டிருந்தேன்.

2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. மரம் பட்டாதாரருடையது, முந்திரி பொறுக்கியவளுக்கு மரம் ஏது? 2024இல் ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்றார்கள். அட்டை இல்லாதவர் குடும்பம் இல்லாதவர். பெயர்கள் மாறுகின்றன, பத்தித் தலைப்பு மாறவில்லை.

எம்.ஜி.ஆர். திட்டு பற்றி அன்று யாரும் பேசவில்லை. கழிமுகத்து மணலில் ஒரு மீனவர் குடியிருப்பாக இருந்த இடம். அலைக்குப் பின் ஜனங்களை உள்ளே கிள்ளைப் பக்கம் குடியேற்றிவிட்டார்கள். அங்கே போகலாமா என்று படகோட்டியே கேட்டார். நேரமாகிவிட்டது, திரும்பிப் போய் டீ சாப்பிட வேண்டியிருந்தது.

அடுத்த டிசம்பரிலும் வாசிப்பு இருக்கிறது என்று ஏற்பாட்டாளர் போனில் சொன்னார். கிள்ளைப் பகுதியில் சுனாமி வீடு பெற்றவர்களின் பட்டியலும், விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறேன், வந்தால் அதை வாசிக்கிறேன் என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பெயர்கள் எத்தனை என்று தெரிந்தால்தான் சொல்லமுடியும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.